டிரைவர் தலை தப்பிய சுற்று

தெருவில் அவருக்கு வைத்த பெயர் ‘ஆடாதீங்க’. பாஸ்போர்ட் படம் எடுக்கும் சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தார். வாழ்நாளில் அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் அதுதான். கேமரா முன்னால் உட்கார்ந்தவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழக்கம் வீடு வரை வந்துவிட்டது. டீ ஊற்றும் மனைவியிடம் சொன்னார். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்த மகளிடம் சொன்னார். ஒருமுறை கூட்டமான பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி மொத்தப் பேருந்தையும் பார்த்துச் சொன்னார். முன்சீட்டில் இருந்த இரண்டு பேர் நிஜமாகவே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

படம் வாங்க வருபவர்களில் பாதிப் பேர், “இது என்னை மாதிரியே இல்லையே” என்று முகம் சுளிப்பார்கள். அதற்கும் தயாராக ஒரு பதில் வைத்திருந்தார்.

“உங்களை நீங்க கண்ணாடியில மட்டும்தான் பாத்திருக்கீங்க. அது இடம் வலமா இருக்கும். ஊர் பாக்குற முகம் இதுதான். ஊருக்குப் பழகிடுச்சு, உங்களுக்குத்தான் புதுசு.”

இதைவிட நாகரிகமாக ஒருவர் வாயை அடைக்க முடியாது.

இப்படி ஆடாமல் இருப்பதையே பிழைப்பாக வைத்திருந்த மனிதர், கடையை மூடி, கேமராவையும் இருட்டறையையும் வீட்டுக்கு மாற்றிக்கொண்டு ஓய்வு பெற்றபின், ஒரு பொருள் சுற்ற வேண்டும் என்று பித்துப் பிடித்து அலைந்தார்.

அந்தக் கதை ஒரு நெகட்டிவில் தொடங்கியது. பழைய சாமான் கடைகளில் யாருக்கும் வேண்டாத நெகட்டிவ்களை வாங்கிச் சேர்ப்பது அவர் வழக்கம். ஒன்றில் போர்க்கால லாரி ஒன்று இருந்தது. அதன் பின்தட்டில் இரும்புப் பீடம், பீடத்தின் மேல் வானத்தைப் பார்த்த துப்பாக்கி, சுடுபவர் உட்கார ஒரு இருக்கை, சுற்றிலும் நாலைந்து சிப்பாய்கள். விமானம் வந்தால் இருக்கையில் உட்கார்ந்தவர் பீடத்தோடு சேர்ந்து சுற்றிச் சுற்றிச் சுடுவார். ‘ஆடாதீங்க’ அந்த நெகட்டிவ்வைத் தன் இருட்டறையில் தானே பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டு, ஸ்டுடியோவில் கேமராவுக்கு மேலே மாட்டினார். “அந்த லாரியைப் பாருங்க. ஆடாதீங்க.” ஊரில் பாதிப் பேரின் பாஸ்போர்ட்டில் இருக்கும் பார்வை அந்த லாரியைப் பார்த்த பார்வைதான்.

பிறகு ஒருநாள் முடிவெட்டப் போனார். அவர் தலையில் சலூன்காரருக்கு வேலை குறைவு, பேச்சுதான் அதிகம். பேச்சு வேகத்தில் சலூன்காரர் நாற்காலியை ஒரு சுழற்று சுழற்ற, அடியில் கனமான பேரிங் உருளும் சத்தம் கேட்டது. அவருக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. போர்த்தியிருந்த துணியோடும் கழுத்தில் பாதி நுரையோடும் இறங்கித் தரையில் குப்புறப் படுத்து, நாற்காலிக்கு அடியில் தலையை விட்டார். சலூன்காரர் மயக்கம் என்று நினைத்து ஒரு மக்குத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார்.

அடியில் இருந்தது படத்தில் இருந்த அதே பீடம். வார்ப்பிரும்பு வளையம், அதன் ஒரு பக்கம் மட்டும் ஒரு மேடு, வளையத்தின் முன்விளிம்பில் லாரியின் முகப்பு எந்தப் பக்கம் என்று காட்டும் அம்புக்குறி. சலூன்காரரின் மாமனார் எங்கோ பழைய இரும்பு விற்கும் ஆக்கர் கடையில் மலிவாகப் பிடித்து, மேலே நாற்காலியைப் பூட்டியிருக்கிறார்.

“இது விமானம் சுடுறதுக்கு வச்சிருந்ததுங்க” என்று தரையிலிருந்து சொன்னார் அவர்.

“அதான பாத்தேன்” என்றார் சலூன்காரர். “மாமனார் குடுத்த பொருள் ஒண்ணாவது லேசா இருக்கான்னு.”

பேரம் முடிய ஒரு மாதம் ஆயிற்று. பீடத்துக்குப் பதில் ஸ்டுடியோவின் சுழல் ஸ்டூலும், சலூன்காரர் குடும்பத்துக்கு ஆயுளுக்கும் பாஸ்போர்ட் படமும். அந்தக் குடும்பத்தில் யாரும் வெளிநாடு போனதில்லை, போகும் உத்தேசமும் இல்லை. ஆனாலும் வருஷம் தவறாமல் எல்லோரும் அவர் வீட்டுக்கே வரிசையாக வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஸ்டூல் குள்ளம். அன்றிலிருந்து சலூன்காரர் கேள்விக்குறி மாதிரி வளைந்து நின்றுதான் முடிவெட்டினார்.

பீடம் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்கு வந்தது. வந்தது ஆறில் ஒரு பங்குதான். மீதியைத் தேடவோ செய்யவோ வேண்டும். துரு நீக்கினார். பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். இருக்கையைப் பழைய டிராக்டரிலிருந்து கழற்றி வந்தார். துப்பாக்கிக்குப் பதில் தண்ணீர்க் குழாய் ஒன்றைக் கறுப்படித்து மாட்டினார். இது குழாய்தான் என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவும் விட்டார், போலீஸ் வந்தால் காட்ட. போலீஸ் வந்தது. பாஸ்போர்ட் படத்துக்கு.

சும்மா பீடம் மட்டும் இருந்தால் அளவு பிடிபடாது என்று, முன்னால் மரச்சட்டமும் அட்டையும் வைத்து லாரியின் முகப்பை முழு அளவில் கட்டினார். முகப்புக்கு மேலே கூரை வைக்கவில்லை, படத்தில் இல்லையாம். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு டிரைவரையும் உட்கார வைத்தார். உடம்பு கோணிப்பை. தலை, ஸ்டுடியோவில் வெளிச்சம் சரிபார்க்க வைத்திருந்த பிளாஸ்டர் தலை. அதற்கு ஒரு தொப்பி.

மனைவி கொட்டகை வாசலில் நின்று பார்த்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். அடுத்தவர் பேச்சை இணைத்தும் துண்டித்தும் பழகியதால், எந்த இடத்தில் துண்டிப்பது என்று நன்றாகத் தெரியும்.

“டிரைவர் சாப்பிடுவாரா, இல்ல உங்களுக்கு மட்டும் வைக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சிக்கல் கை ஒன்றினால் வந்தது. மனிதக் கை அல்ல, இரும்புக் கை. துப்பாக்கி சுற்றும்போது முன்பக்கம் வந்தால் சுடுபவர் தன் டிரைவரையே சுட்டுவிடக் கூடாதல்லவா? அதற்குத்தான் வளையத்தில் அந்த மேடு. சுற்றும் பகுதியின் பக்கவாட்டில் ஒரு கை இருக்கும், அதன் நுனியில் சிறு உருளை. உருளை வளையத்தின் மேல் ஓடிக்கொண்டே வந்து மேட்டில் ஏறும். ஏறினால் குழல் தானாக மேலே தூக்கிக்கொள்ளும். டிரைவர் தலைக்கு மேலே அலுங்காமல் தாண்டிப் போகும். அந்தக் கை பீடத்தோடு வரவில்லை. அதை மாட்டத் துளைகள் இரண்டு பக்கமும் இருந்தன. எந்தப் பக்கம் என்று சொல்லக் கூடிய ஒரே சாட்சி அந்தப் படம். படத்தில் கை வலது பக்கம் இருந்தது. ஆகவே வலது பக்கம் மாட்டினார்.

முதல் சோதனை. அவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, பீடத்தைத் திருப்பும் கைச்சக்கரத்தைச் சுற்றினார். பீடம் வழுக்கிக்கொண்டு சுற்றியது. பின்பக்கம் போனதும் குழல் கம்பீரமாக மேலே தூக்கியது. அங்கே காப்பாற்ற யாரும் இல்லை, சுவரில் ஒரு பல்லி மட்டும் இருந்தது. பிறகு முன்பக்கம் வந்தது, நேராகத் தாழ்ந்தே வந்தது, டிரைவர் தலையைப் பளாரென்று ஒரு அறை அறைந்தது. தலை தொப்பியோடு உருண்டு முற்றத்தைத் தாண்டிச் சமையலறை வாசலில் போய் நின்றது.

“சாப்பிட வந்துட்டார்” என்றாள் மனைவி.

அதிலிருந்து தலை போகாத வாரம் இல்லை. ஒட்டுவார், பூசுவார், மறுபடி போகும். மூக்கு மூன்று முறை புதிதாக வைக்கப்பட்டு, டிரைவர் வேறு வேறு நாட்டுக்காரராக மாறினார். வளையத்தைத் திருப்பிப் போட்டுவிடலாமா என்றால், அம்புக்குறி முன்பக்கம் என்று அடித்துச் சொல்கிறது. அம்புக்குறியை நம்புவதா, படத்தை நம்புவதா? இரண்டையும் நம்பினார். அதனால்தான் சரியாகச் சுற்றவில்லை.

இந்தக் குழப்பத்திலிருந்து அவர் ஒரு தத்துவமே கண்டுபிடித்தார். படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, சுடுபவர் சிகரெட்டை இடக் கையில் பிடித்திருந்தார். இன்னொருவர் இடக் கையால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கைக்கடிகாரம் எல்லோருக்கும் வலக் கையில். ஆகவே இது இடக்கைப் படை! வேண்டுமென்றே இடக்கைக்காரர்களாகப் பொறுக்கி எடுத்து அமைத்த தனிப் பிரிவு! அவர்களுடைய லாரிகள் எதிரியை நோக்கி ரிவர்ஸில் போயிருக்க வேண்டும், அதனால்தான் குழல் பின்பக்கம் தூக்குகிறது!

அவருடைய மகள் இடக்கைக்காரி. ஒரே பிள்ளை. லிஃப்டுக்குக் கதவு வடிவமைக்கும் பொறியாளர். பள்ளிக்கூடத்தில் அவள் கையை மாற்றச் சொல்லி டீச்சர் கூப்பிட்டு அனுப்பியபோது, “அவ கைய ஆட்டாதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர். இடக்கைப் படையைக் கண்டுபிடித்த அன்று மகளுக்குத்தான் முதலில் போன் போட்டார்.

“உன் ஆளுங்க ஒரு லாரி நிறைய கிடைச்சிருக்காங்கடா.”

மகள் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். அவர் நிற்கவில்லை. இடக்கைப் படையின் மனநிலையை அறிவதற்காகத் தானும் இடக் கைக்கு மாறினார். இடக் கையால் பல் துலக்கியதில் மீசையும் துலங்கியது. வங்கியில் போட்ட கையெழுத்தைப் பார்த்து, ஐயாவுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கிறது என்று வீட்டுக்கு விசாரித்தார்கள்.

இந்தத் தத்துவத்தைப் பழைய ராணுவ வண்டிகள் மேல் ஆசை கொண்டவர்களின் சங்கம் நடத்திய பத்திரிகைக்கு எழுதிப் போட்டார். அங்கேதான் மேஜர் வந்து சேர்ந்தார். மேஜர் ராணுவத்தில் இருந்தவர் அல்ல. விளையாட்டுச் சாமான் கடைக்காரர். மீசைக்காகக் கிடைத்த பட்டம். சங்கத்துக்குத் தலைவர், சங்கத்தின் சின்ன மியூசியத்துக்கும் அவர்தான் எல்லாம். அடுத்த இதழில் மேஜர் பிடிபிடி என்று பிடித்துவிட்டார். இடக்கைப் படை என்று உலகத்தில் ஒன்று இருந்ததே இல்லை, ஆதாரம் எங்கே, ரிவர்ஸில் போருக்குப் போன ராணுவம் எது? ‘ஆடாதீங்க’ பதில் எழுதினார். மேஜர் பதிலுக்குப் பதில் எழுதினார். வருஷக்கணக்கில் போனது. கடைசியில் பத்திரிகையில் வேறு விஷயமே இல்லாமல் போய், மற்ற சந்தாதாரர்களும் இந்தச் சண்டைக்காகவே சந்தா கட்டினார்கள். இரண்டு பேரும் வாரம் ஒருமுறை நேரில் பார்த்து டீயும் குடித்தார்கள். டீக்கடையில் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். அதெல்லாம் எழுத்தில் மட்டும்.

மனைவிக்கு இதில் ஒரே ஒரு தொல்லை. கனம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கொஞ்சம் ஏறி உட்காரேன் என்று அவர் கெஞ்சுவார். அவள் மசியவில்லை. கடைசியில் ஒருநாள் வாக்குக் கொடுத்தாள்.

“டிரைவர் தலை போகாம ஒரு முழுச் சுத்து சுத்தட்டும். அப்புறம் நான் ஏறி உட்கார்றேன். நீங்க சொன்னா, சேலைய இழுத்துச் செருகிக்கிட்டு சல்யூட்டும் அடிக்கிறேன்.”

இதைக் கேட்டு அவருக்கு வேகம் இரண்டு மடங்காயிற்று. தலை போகும் வேகமும்.

ஒருநாள் நெஞ்சுவலி என்று அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஸ்கேன் அறையில் படுக்கவைத்து, கண்ணாடிக்கு அப்பாலிருந்து டெக்னீஷியன் மைக்கில் சொன்னார்: “ஆடாதீங்க.” அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. படம் கலங்கிவிட்டது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே சொல், மறுபடியும் சிரிப்பு. வெளியே நின்ற மகளுக்கு உள்ளே அவர் சிரிப்பது கேட்டது. நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைத்தாள்.

மறுநாள் இறந்துபோனார்.

பத்திரிகையின் அடுத்த இதழில் மேஜர் ஒரு பக்கம் எழுதியிருந்தார். கடைசி வரி இது: ‘இடக்கைப் படை பற்றி அவர் சொன்னதே சரி. நான் சொன்னது தவறு.’ படித்துவிட்டு மகள் பத்திரிகையை மடித்து வைத்தாள். அம்மா அதை எடுத்து, பிரித்து, கடைசி வரி தெரிகிற மாதிரி திருப்பி மேஜை மேல் வைத்தாள்.

பீடத்தை மியூசியத்துக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. மேஜர் வந்து பார்த்தார். தலையில்லாத டிரைவரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டார், பழக்கதோஷம். சனிக்கிழமை லாரி வரும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. மியூசியத்துக்குக் குழந்தைகள் வருவார்கள். எதையாவது பிடித்துச் சுற்றினால் குழல் யார் மண்டையையாவது பதம் பார்த்துவிடும். ஆகவே அங்கே போனதும் பீடத்தைச் சுற்றாதபடி வெல்டு வைத்துவிடுவார்கள்.

“சரியாச் சுத்துனா?” என்று மகள் கேட்டாள்.

“சரியாச் சுத்துனா எதுக்கும்மா வெல்டு? ஆனா உங்கப்பாவாலயே முடியல.”

மகள் அலுவலகத்துக்கு லீவு சொன்னாள். வெல்டு வைத்துவிட்டால் அப்புறம் அது சுற்றவே சுற்றாது. அம்மா கொடுத்த வாக்கு கொடுத்த இடத்திலேயே நின்றுவிடும். சனிக்கிழமைக்குள் அது ஒரு முழுச் சுற்று சுற்றியாக வேண்டும், அம்மா ஏற வேண்டும். வேறு எதையும் அவளால் சரிசெய்ய முடியாது. இது இரும்பு. இரும்பைச் சரிசெய்ய அவளுக்குத் தெரியும்.

இரும்புக் கையின் நீளத்தைக் கூட்டினாள், தலை போனது. உருளையை மாற்றினாள், தலை போனது. வேடிக்கை பார்க்க வந்த சலூன்காரர் வாசலில் நின்றுகொண்டு பெருமூச்சு விட்டார்.

“எங்கிட்ட இருந்தவரைக்கும் எத்தனை பேரச் சுத்தி விட்டிருக்கேன். ஒருத்தர் தலையும் போனதில்லம்மா. உங்கப்பா ரிப்பேர் பண்ண பிறகுதான் இது ரிப்பேர் ஆச்சு.”

மகள் லாரிப் படத்தின் முன்னால் உட்கார்ந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சிகரெட் இடக் கையில். பேனா இடக் கையில். இவள் ஆட்கள். எல்லாம் சரி. சட்டைப் பொத்தானில் வந்து கண் நின்றது. எல்லோர் சட்டையிலும் பொத்தான் பக்கம் மாறித் தைத்திருந்தது.

சிகரெட்டை எந்தக் கையிலும் பிடிக்கலாம். சட்டை அப்படி இல்லை. இந்த உலகத்தில் இடக்கைக்காரர்களுக்கென்று யாரும் எதையும் செய்து வைப்பதில்லை. அது அவளுக்கு முதல் வகுப்புக் கத்தரிக்கோலிலிருந்து தெரியும். அதுவும் ராணுவம். ஒரு லாரி இடக்கைக்காரர்களைக்கூடப் பொறுக்கி எடுத்துவிடலாம். அவர்களுக்காகத் தனியாகச் சட்டை தைத்துக் கொடுத்த ராணுவம் கிடையாது.

இருட்டறைக்குப் போய் நெகட்டிவ்வைத் தேடி எடுத்தாள். நெகட்டிவ்வுக்கு ஒரு பக்கம் மங்கல், ஒரு பக்கம் பளபளப்பு. மங்கல் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்பது அப்பா சொல்லிக்கொடுத்த தொழிலின் முதல் பாடம். மாற்றிப் போட்டால் படம் கண்ணாடியில் தெரிவது மாதிரி இடம் வலமாக விழும். மங்கல் பக்கம் கீழே வைத்து விளக்கைப் போட்டாள். பிரிண்டில் வராதபடி அப்பா எப்போதும் மறைத்துவிடும் ஓரத்தில், மங்கலாக ஒரு வரிசை பிலிம் எண்கள். எல்லாம் இடம் வலமான கண்ணாடி எழுத்தாக இருந்தன.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இது மூல நெகட்டிவ் அல்ல. எவரோ ஒரு மூலத்தின் மேல் இன்னொரு பிலிமை ஒட்டிவைத்து எடுத்த நகல். அப்படி எடுத்தால் பக்கம் மாறிவிடும். நகலில் பளபளப்பான பக்கத்தைத்தான் கீழே வைக்க வேண்டும். கைக்கு வந்தபடி வைக்கும் கற்றுக்குட்டியாக இருந்திருந்தால் படம் சரியாக விழப் பாதி வாய்ப்பாவது இருந்திருக்கும். அவர் ஒழுங்காகத் தொழில் தெரிந்தவர். விதி பிசகாமல் வைத்து, விதி பிசகாமல் தப்பாகப் பிரிண்ட் போட்டுவிட்டார். ‘நீங்க கண்ணாடியில பாக்குறது இடம் வலமா இருக்கும்’ என்று ஊருக்கே பாடம் எடுத்துக்கொண்டு, தலைக்கு மேலே இடம் வலமான லாரியை மாட்டி வைத்திருந்தார்.

நெகட்டிவ்வைத் திருப்பிப் போட்டாள். இரும்புக் கை இடது பக்கம் போயிற்று. சிகரெட் வலக் கைக்குப் போயிற்று. இடக்கைப் படை அவள் கண்முன்னால் ஒரே நொடியில் கலைந்து போனது. கூட்டத்தில் ஒருவர்கூட மிச்சமில்லை என்றுதான் நினைத்தாள். பிறகு ஓரத்தில், டயர் மேல் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டும் ஒருவரைப் பார்த்தாள். அவர் எந்தக் கைக்காரர் என்று எப்படித் திருப்பினாலும் சொல்ல முடியவில்லை. அவரை விட்டுவிட்டாள்.

அம்மாவிடம் சொன்னாள். அம்மா உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“என் ரவிக்கை மாதிரி பொத்தான் போட்டிருக்காங்களேன்னு நான் அப்பவே கேட்டேன். போர்க்காலம், கிடைச்சதைப் போட்டிருப்பாங்கன்னார்.”

“நீ இன்னொரு தடவ சொல்லியிருக்கலாம்ல?”

“எதுக்கு? கண்டுபிடிச்ச அன்னிக்கு அவர் முகத்தை நீ பாக்கல. போன்லதான் கேட்ட.” கொஞ்ச நேரம் கத்தி மட்டும் பேசியது. “சரி. இப்ப அந்தக் கையை மாத்திட்டா சுத்துமா?”

“சுத்தும். ஆனா அப்பா எழுதினது எல்லாம் தப்புன்னு ஆயிடும்மா. மேஜர் சார் இப்பத்தான் ஒத்துக்கிட்டு எழுதியிருக்கார்.”

அம்மா தோல்களை அள்ளிக் குப்பையில் போட்டாள்.

“உங்கப்பாவுக்கு அது சுத்தணும். ஜெயிக்கணும்னா மேஜரோட வாரா வாரம் டீ குடிச்சிருப்பாரா? போ, போய் மாத்து.”

மகள் போய் மாற்றினாள். வலது பக்கத்து போல்டுகளைக் கழற்றினாள். அவர் தன் கையால் இறுக்கியவை. இடக் கையால் இறுக்கியிருக்க வேண்டும், எல்லாம் கோணல். கடைசி போல்டுக்கு மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது. அது இறுக்கமாக இல்லை. அவள்தான் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு கையை இடது பக்கம் மாட்டி முடித்தாள். சுற்றிப் பார்க்கவில்லை. அந்தச் சுற்று அவளுடையது அல்ல.

சனிக்கிழமை காலை மேஜர் லாரியோடு வந்தார். வெல்டிங் மெஷினும் லாரியிலேயே இருந்தது. மீசைக்குப் புதிதாக எண்ணெய் போட்டிருந்தார். சலூன்காரரும் வந்தார், பீடத்துக்கு அவர் முன்னாள் உரிமையாளர் அல்லவா. மகள் இரண்டு பிரிண்ட்களையும், நெகட்டிவ்வையும், பொத்தானையும், எண்களையும் மேஜருக்கு ஒழுங்காக, வரிசையாக விளக்கினாள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தாள். மேஜரின் முகம் இறுகிக்கொண்டே போனது.

“இல்லம்மா” என்றார்.

“சார், இது எண்ணு. இதுல கருத்துன்னு ஒண்ணும் இல்ல.”

“இடக்கைப் படை இருந்துச்சு. உங்கப்பா அவ்வளவு வருஷம் எழுதினார்.”

“நீங்கதான சார் ஆதாரம் எங்கேன்னு அவ்வளவு வருஷம் கேட்டீங்க?”

“அப்ப கேட்டேன். அப்ப அவர் பதில் சொல்ல இருந்தார்.” மேஜர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். “இப்ப எனக்கு ஆதாரம் வேணாம். மியூசியத்துல அவர் பிரிண்ட்தான் மாட்டுவேன்.”

வருஷக்கணக்காக எதிரி எழுதிய ஒவ்வொரு வரிக்கும் மறுப்பு எழுதிய மனிதர், இப்போது எதிரியின் கட்சிக்காக எதிரியின் மகளிடமே சண்டைக்கு நின்றார். மகளும் விடவில்லை. தப்பான படத்தை மாட்டினால் நாளைக்கு எவனாவது அதைப் பார்த்துக் கையை வலது பக்கம் மாற்றுவான், தலை போகும், என்றாள். போகட்டும் என்றார் மேஜர். லாரிக்காரர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

சலூன்காரர்தான் இரண்டு பேருக்கும் நடுவில், வளைந்தே பழகிய முதுகோடு புகுந்தார்.

“ஐயா படத்தையே மாட்டுங்க. எதிர்ச் சுவத்துல எங்க கடைப் பழைய கண்ணாடி ஒண்ண நான் மாட்டித் தர்றேன். நேரா பாத்தா ஐயா சொன்னது. திரும்பிக் கண்ணாடியில பாத்தா பாப்பா சொன்னது. தலைமுடி வெட்டுறதுல நாங்க முன்னும் பின்னும் காட்டுறதில்லையா, அந்த மாதிரி.”

இதற்கு மறுப்பு எழுத முடியுமா என்று மேஜர் யோசிப்பது மீசையில் தெரிந்தது. முடியவில்லை. தலையை ஆட்டினார்.

“முதல்ல சுத்துதான்னு பாப்போம்” என்றார்.

அப்போது அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். பிளாஸ்டர் தலையை இரண்டு கையாலும் ஏந்தி வந்து, கோணிப்பை உடம்பின் மேல் பொருத்தி, தொப்பியைச் சரிசெய்தாள். டிரைவருக்கு இந்த முறை மூக்கு கொஞ்சம் அவர் சாயலில் அமைந்துவிட்டிருந்தது. மகள் வேண்டுமென்று செய்யவில்லை. கையில் அப்படி வந்துவிட்டது.

“சுத்தினப்புறம்தான ஏறுறேன்னு சொன்ன?” என்றாள் மகள்.

“ஏறினாத்தான சுத்துதான்னு தெரியும். நகரு.”

அம்மா பக்கவாட்டுப் படியில் கால் வைத்து, மேஜரின் தோளை ஒரு கைப்பிடியாகப் பயன்படுத்தி, டிராக்டர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். இத்தனை நாள் கெஞ்சியது இதற்குத்தானா என்பதுபோல் ஒருமுறை சுற்றும் முற்றும் பார்த்தாள். சக்கரத்தைப் பிடித்தாள். சுற்றினாள்.

பேரிங் உருண்டது. சலூன்காரருக்கு அந்தச் சத்தம் தெரியும், கண்ணை மூடிக்கொண்டார். குழல் பக்கவாட்டில் போனது, மேஜர் ஒதுங்கினார். பின்பக்கம் போனது; தூக்கவில்லை, பல்லி தானே பிழைத்துக்கொள்ளட்டும் என்று தாழ்ந்தே போனது. அடுத்த பக்கமும் தாண்டி முகப்பை நோக்கி வந்தது. டிரைவரின் காது மட்டத்துக்கு நேராக வந்துகொண்டிருந்தது. மகள் தன்னை அறியாமல் தலையைக் கவிழ்க்கப் போனாள்.

அம்மா குழலுக்கு மேலாகத் தொப்பியைப் பார்த்தாள்.

“ஆடாதீங்க” என்றாள்.

இடது பக்கம் உருளை மேட்டில் ஏறியது. குழல் மெதுவாக, ஒரு மரியாதையோடு தூக்கிக்கொண்டது. தொப்பிக்கு ஒரு விரற்கடை மேலே தாண்டிப் போய், அந்தப் பக்கம் இறங்கியது. தலை இருந்த இடத்தில் இருந்தது.

அம்மா புறப்பட்ட இடத்துக்கு வந்து நின்றாள். டிரைவரைப் பார்த்து சல்யூட் அடித்தாள். இடக் கையால் அடித்தாள். மேஜர் விறைப்பாக நின்று பதில் சல்யூட் அடித்தார், அவரும் இடக் கையால். வெல்டிங் மெஷினை இறக்க வேண்டாம் என்று லாரிக்காரரிடம் சொல்லிவிட்டு, மூக்கைச் சிந்த அந்தப் பக்கம் போனார்.

மகள் அம்மாவை இறக்கிவிடக் கையை நீட்டினாள். அம்மா கையைப் பார்க்கவே இல்லை. சக்கரத்தை இன்னும் இறுகப் பிடித்தாள்.

“தள்ளி நில்லுடி. இந்தத் தடவ கொஞ்சம் வேகமாப் போறேன்.”